லேபிளில் ஒரு கணக்கு, பேட்டரியில் ஒரு கணக்கு

(அனுப்பம்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து மின்சார ரயிலிலும் வந்திருக்கிறீர்கள்.

பேட்டரியைச் சோதிப்பதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இங்கிருந்து சென்னைப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் மீஞ்சூர். அதற்குப் பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். கொஞ்சம் தள்ளி அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். இவ்வளவு கரண்ட் உற்பத்தியாகும் வட்டாரத்தில்தான் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் வந்தபோதும் கம்பங்கள் சாய்ந்து இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது கைகொடுத்தவை எமர்ஜென்சி லைட், டார்ச், பவர் பேங்க். வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் அச்சாகியிருந்தது. அந்த எண்ணுக்கும் விளக்கு எரிந்த நேரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதைப் பல வீடுகள் அந்த இரவுகளில்தான் கண்டுகொண்டன. புயல் அடிக்கும்போது கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா அது?

சேற்று நண்டு எடுக்க வரும் வியாபாரியைக் கவனித்திருப்பீர்கள். ஓடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அவர் மயங்குவதில்லை. கையில் எடுத்து அடிப்பக்க ஓட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓடு மாற்றிய புதிதில் நண்டு பெரிதாகத் தெரியும். உள்ளே தண்ணீர்தான் இருக்கும், சதை இருக்காது. அழுத்தினால் விரலுக்குத் தெரிந்துவிடும். மல்டிமீட்டரை வைத்து "12.6 வோல்ட் காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது ஓட்டைப் பார்த்து விலை பேசுகிற கதை. தேய்ந்துபோன பேட்டரியும் சார்ஜ் போட்டு எடுத்தவுடன் 12.6 காட்டும். வேலை கொடுத்தால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். அப்படி அளந்து வேலை கொடுக்கும் கருவிக்குத்தான் எலெக்ட்ரானிக் லோடு என்று பெயர்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கடையில் "150 ஏ.ஹெச். பேட்டரி" என்கிறார்கள். ஏ.ஹெச். என்றால் ஆம்பியர்-அவர். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏ.ஹெச். அப்படியானால் 150 ஏ.ஹெச். பேட்டரி 15 ஆம்பியரில் பத்து மணி நேரம் ஓடுமா, 30 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஓடுமா? இரண்டுமே ஓடும் என்று சொல்ல முடியாது. ஈய-அமில பேட்டரியில் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் மொத்தத்தில் கிடைக்கும். பிளேட்டின் உள்துளைகளுக்குள் ஆசிட் ஊறிப் போய்ச் சேர நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் மேற்பரப்பு மட்டும் வேலை செய்துவிட்டுக் களைத்துப்போகும். இந்தக் கணக்கை 1897-இல் வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு சூத்திரமாகவே எழுதிவைத்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது.

ஆகவே ஏ.ஹெச். என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தகவல்கள் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. எத்தனை மணி நேரத்தில் காலி செய்தார்கள்? எந்த வோல்ட் வந்ததும் நிறுத்தினார்கள்? இன்வெர்ட்டர் பேட்டரியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் சி-20 என்று இருக்கும். 20 மணி நேரத்தில் காலி செய்து அளந்தது என்று அர்த்தம். 150 ஏ.ஹெச். சி-20 என்றால் 7.5 ஆம்பியரில் 20 மணி நேரம். அதே பேட்டரியை 10 மணி நேரத்தில் காலி செய்தால் 120-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். சோலாருக்கென்று விற்கும் பேட்டரியில் சி-10 என்று போட்டிருப்பார்கள். அதில் 150 என்றால் 15 ஆம்பியரில் 10 மணி நேரம். இரண்டிலும் பெரிய எழுத்தில் 150 என்றுதான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சி-10 பேட்டரி கனமாகவும் இருக்கும், விலையும் கூடுதல். "அந்தக் கடையில ரெண்டாயிரம் கம்மி" என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். இதற்குக் கருவிகூட வேண்டாம், கண்ணாடி போதும்.

இரண்டாவது தகவல், நிறுத்தும் வோல்ட். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை 20 மணி நேரச் சோதனையில் 10.5 வோல்ட்டிலும், 10 மணி நேரச் சோதனையில் 10.8 வோல்ட்டிலும் நிறுத்துவது வழக்கம். அதற்குக் கீழே இறக்கினால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த முறை பேட்டரி இருக்காது.

இனி கருவிக்கு வருவோம். உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வெப்பத்தை இறக்கும் அலுமினியத் தகட்டின் மேல் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்று. அதன் வழியாகத்தான் பேட்டரியின் மின்சாரம் முழுதும் போகிறது. அதோடு தொடராக 0.1 ஓம் மின்தடை ஒன்று. ஒரு ஆம்பியர் ஓடினால் அந்த மின்தடையில் 0.1 வோல்ட் விழும். ஓர் ஆப்-ஆம்ப் சில்லு அந்த 0.1 வோல்ட்டை, நாம் குமிழைத் திருகி வைத்த அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் குறைந்தால் மாஸ்ஃபெட்டைக் கொஞ்சம் திறக்கும், கூடினால் கொஞ்சம் மூடும். பேட்டரி களைத்து வோல்ட் இறங்கிக்கொண்டே போனாலும் நாம் கேட்ட ஒரு ஆம்பியர் ஒரு ஆம்பியராகவே இருக்கும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு சில்லு நேரத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வரும். சொன்ன வோல்ட் வந்ததும் பீப் அடித்து நிறுத்திவிட்டு, ஏ.ஹெச். எவ்வளவு, வாட்-அவர் எவ்வளவு என்று திரையில் காட்டும்.

பேட்டரியிலிருந்து எடுத்த அவ்வளவும் சூடாகத்தான் வெளியேறுகிறது. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 60 வாட். அதனால்தான் விசிறி. மலிவான கருவியில் 150 வாட் என்று போட்டிருந்தால் 90-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அந்த லேபிளும் லேபிள்தானே! ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் தம்பிகள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். எல்லாப் பாகங்களும் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாம் வாங்கும் மாஸ்ஃபெட் பெரும்பாலும் சுவிட்ச் வேலைக்காகச் செய்தது. முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருந்தால் சுகமாக இருக்கும். நாமோ அதைப் பாதி திறந்த நிலையில் மணிக்கணக்கில் வைக்கிறோம். ஒன்றுக்கு 20 வாட் என்று கணக்குப் போட்டு, தேவைக்கு இரண்டு மூன்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடையும் ஆப்-ஆம்பும் கொடுங்கள்.

இப்போது ஒரு செல்லை எடுத்து முழுக்கச் சோதித்துப் பார்ப்போம். தலையில் கட்டும் டார்ச்சைக் கழற்றினால் விரல் பருமனில் ஒரு செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பேர். சந்தையில் இதன் மேல் 6,800, 8,800, 9,900 மில்லி ஆம்பியர்-அவர் என்றெல்லாம் அச்சடித்து விற்கிறார்கள். நல்ல கம்பெனியின் 18650 செல்லே பொதுவாக 3,500-ஐ ஒட்டி நின்றுவிடும். அந்த அளவுள்ள டப்பாவுக்குள் அதற்கு மேல் அடைக்க இன்றைய வேதியியலில் பெரிதாக இடமில்லை. 9,900 என்று கண்டால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டதாக இருக்கும். அல்லது உள்ளே சின்ன செல்லை வைத்து மிச்சத்தை எதையாவது போட்டு நிரப்பியதாக இருக்கும். நல்ல செல் 45 கிராம் சுமாருக்கு இருக்கும். உங்களிடம் சின்ன டிஜிட்டல் தராசு இருக்குமே, அதில் வைத்துப் பாருங்கள். 30 கிராம் காட்டினால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை.

எடை சரியாக இருக்கிறதா? முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள், 4.2 வோல்ட். ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு லோடில் மாட்டி 0.5 ஆம்பியர், நிறுத்தும் அளவு 3.0 வோல்ட் என்று வைத்து ஓட விடுங்கள். தொட்டவுடன் 4.18-இலிருந்து 4.1-க்குச் சரியும். அந்தச் சரிவிலேயே பாதிக் கதை இருக்கிறது. நல்ல செல் கொஞ்சமாகத்தான் இறங்கும், சொத்தை செல் தொட்ட மாத்திரத்தில் 3.8-க்கு விழும். அதன்பின் நல்ல செல் 3.8-க்கும் 3.6-க்கும் நடுவில் வெகுநேரம் நிதானமாக நடக்கும். 3.4-க்குக் கீழே வந்ததும் கண்ணெதிரே சரசரவென்று இறங்கும். 3.0-இல் கருவி நிறுத்திவிடும். 2,600 என்று எழுதிய நேர்மையான செல் இதற்கு ஐந்து மணி நேரம் எடுக்கும். "9,900" செல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகிறதை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் கழித்து மீட்டர் வைத்தால் செல் மறுபடியும் 3.3 காட்டும். "இன்னும் இருக்கே!" என்று திரும்ப டார்ச்சில் போடாதீர்கள். சுமை இறங்கியதால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன லித்தியம் செல்லைத் திரும்பச் சார்ஜ் செய்வது ஆபத்து.

கடற்கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. உப்புக் காற்று. செல்லை வைக்கும் ஸ்பிரிங் பிடிப்பான் மூன்று மாதத்தில் பழுப்பேறிவிடும். அந்தத் துருவின் மின்தடை 0.1 ஓம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 0.1 வோல்ட் போய்விடும். செல் உண்மையில் 3.1-இல் இருக்க, கருவி 3.0 என்று நினைத்து நிறுத்திவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியில் 12 ஆம்பியர் ஓடும்போது இது 1.2 வோல்ட்! நல்ல பேட்டரிக்குச் செத்த பேட்டரி என்று பட்டம் கட்டிவிடுவோம். இதற்கு நாலு கம்பி முறை என்று ஒன்று இருக்கிறது. தடித்த இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைச் சுமக்கும். மெல்லிய இரண்டு கம்பிகள் பேட்டரியின் டெர்மினலையே தொட்டு வோல்ட்டை மட்டும் பார்க்கும். மெல்லிய கம்பியில் மின்னோட்டம் அநேகமாக ஓடாததால் அங்கே இழப்பும் இல்லை. கருவி வாங்கும்போது இந்தத் தனி முனைகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாத கருவியானால் குட்டையான தடித்த வயரைப் போடுங்கள். எதுவானாலும் முதலில் உப்புத்தாளால் டெர்மினலைத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் சோடா மாவு கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, சோதனை முடிந்ததும் வாஸ்லின் தடவுங்கள்.

பவர் பேங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் எழுதியிருக்கும் 10,000 மில்லி ஆம்பியர்-அவர், அதாவது 10 ஏ.ஹெச்., என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. போனுக்குப் போவதோ 5 வோல்ட். 10-ஐ 3.7-ஆல் பெருக்கினால் வரும் 37 வாட்-அவரை 5-ஆல் வகுத்தால் 7.4 ஏ.ஹெச்., அதாவது 7,400. மாற்றும் இழப்பு போக 6,000 சொச்சம் வந்தால் அது நேர்மையான பவர் பேங்க். 3,000 வந்தால் கடைக்காரரிடம் பேசுங்கள்.

சில புது சோலார் விளக்குகளில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் வருகிறது. 2019-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஜான் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பிறந்த சரக்கு அது. நீண்ட நாள் உழைக்கும், எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் அதன் வோல்ட் 3.2, 3.3 என்று கிட்டத்தட்ட தட்டையாகவே கிடக்கும். 90 சதவீதம் இருந்தாலும் 30 சதவீதம் இருந்தாலும் மல்டிமீட்டருக்கு வித்தியாசம் தெரிவது கடினம். லோடு வைத்து அளப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத செல் இதுதான். சார்ஜில் இதன் உச்சம் 3.65 வோல்ட், 4.2 வோல்ட் சார்ஜரில் மாட்டிவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது? 150 ஏ.ஹெச். பேட்டரியை 12 ஆம்பியரில் சோதிக்க 144 வாட் லோடு வேண்டும். சின்னக் கருவி தாங்காது. அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய கருவி வாங்கச் சொல்ல மாட்டேன். பழைய கார் ஹெட்லைட் பல்பு எடுத்துக்கொள்ளுங்கள். 55 வாட் இழை ஒன்று 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டை இணையாகப் போட்டால் 10 ஆம்பியரை நெருங்கும். இந்தப் பல்பிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வோல்ட் குறைந்தால் இழை கொஞ்சம் குளிர்ந்து அதன் மின்தடையும் குறையும். அதனால் பேட்டரி 12.6-இலிருந்து 10.8-க்கு இறங்கும்போது, அதாவது 14 சதவீதம் விழும்போது, மின்னோட்டம் 8 சதவீதம்தான் குறையும். ஏழைக்கேற்ற எலெக்ட்ரானிக் லோடு! தொடராக ஒரு டி.சி. வாட்-அவர் மீட்டரைப் போட்டுவிட்டால் கூட்டல் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் தானாக நிறுத்த ஆள் இல்லை. ஆகவே காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். நல்ல பேட்டரியானால் சாயங்காலம் வரை போகும். மதியத்துக்கு மேல் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 10.8 வந்ததும் கழற்றி, அன்றைக்கே சார்ஜில் போடுங்கள். காலி வயிற்றோடு ஒரு வாரம் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் இறுகிப் பேட்டரி அதோடு முடிந்தது. எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் 6 வோல்ட் 4.5 ஏ.ஹெச். பேட்டரிகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான். எரிந்து அணைந்ததைச் சார்ஜ் போடாமல் பரணில் ஏற்றிவிடுகிறோம். இந்த முழுச் சோதனையை வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை அடிவரை இறக்குவதும் அதன் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்கிறது.

அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். டெர்மினலில் பொறி பறக்கவிடக் கூடாது. பாசிட்டிவ் வயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். லித்தியம் செல்லை மண் சட்டியில் வைத்துச் சோதியுங்கள். வீங்கியிருந்தால் சோதனையே வேண்டாம்.

வேனுக்கும் டிராக்டருக்கும் வைத்திருக்கும் செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரி இந்தச் சோதனைக்கு உரியது இல்லை. அதன் பிளேட் மெல்லியது. சில விநாடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுப்பதற்கென்று செய்தது. அதை அடிவரை இறக்கினால் கெட்டுவிடும். பேட்டரி கடைக்காரர் இரண்டு முள் வைத்த கனத்த கருவியை அதன் மேல் சில விநாடி அழுத்திப் பார்க்கிறாரே, அந்த வேலைக்கு அதுதான் சரி. அதே கருவியை இன்வெர்ட்டர் பேட்டரியில் வைத்துவிட்டு "பேக்கப் ஆறு மணி நேரம் வரும் அண்ணே" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

எழுதிய அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஒரு பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது தொழில்முறை வழக்கம். என் கருத்து கொஞ்சம் வேறு. 60 சதவீதத்தில் இருக்கும் பேட்டரியும் ஒரு விளக்குக்கும் போனுக்கும் தாராளமாகப் போதும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு உபயோகித்தால் நஷ்டமில்லை. தெரியாமல் 150 என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் நஷ்டம். ஆனால் புதிதாக வாங்கியது முதல் மாதத்திலேயே 80-ஐத் தொடவில்லை என்றால் விடாதீர்கள். வாரன்டி அட்டையையும் நீங்கள் குறித்த வோல்ட் கணக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். "டல்லா எரியுது" என்று சொல்கிறவருக்கும், "12 ஆம்பியரில் ஆறு மணி நேரத்தில் 10.8-க்கு வந்துவிட்டது" என்று சொல்கிறவருக்கும் கடையில் கிடைக்கும் மரியாதையே வேறு.

இந்த வேலை ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட இடம். பேட்டரி ஆய்வு என்றால் அங்கும் அடிப்படை இதுதான். குறித்த மின்னோட்டத்தில் இறக்கு, குறித்த வோல்ட்டில் நிறுத்து, எண்ணை எழுது, மறுபடி ஏற்று. அவர்களுடைய கருவி துல்லியமானது, நம்முடையது சின்னது.

கடைசியாக, செத்த பேட்டரியைப் பற்றி. வலைக்கு ஈயம் வேண்டும்; பேட்டரிக்குள் ஈயம் இருக்கிறது. உடைத்து உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்ளலாமே என்று யாருக்காவது யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் புகையும் தூசும் வீட்டுப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொட்டிய ஆசிட்டும் ஈயச் சேறும் மண்ணில் இறங்கினால் ஏரி வரை போகும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கொடுத்தால் எடைக்கு விலையும் கிடைக்கும். ஈயக் குண்டைக் கடையிலேயே வாங்குங்கள்.

பேச்சு முடிந்ததும் வாசல் மேசையில் கருவி ஓடிக்கொண்டிருக்கும். டார்ச் செல் கொண்டுவந்தவர்கள் வரிசையில் வாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு யாரும் ரயில் ஏற வேண்டாம். ஐப்பசி பிறந்தால் மழையும் காற்றும் வந்துவிடும். அதற்குள் உங்கள் வீட்டு எமர்ஜென்சி லைட்டையும் டார்ச்சையும் ஒருமுறை சோதித்து, கிடைத்த எண்ணைத் தேதியோடு அதன் முதுகிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.